புதுக் கன்சோல் வரிசை: எத்தனை மணிக்குப் போவது என்று கேட்பதற்கு முன்

#1 ஜெலுத்தோங்77

எல்லாருக்கும் வணக்கம். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோல் அடுத்த லோட் வருவதாக இங்கே பினாங்கில் சில கடைகள் சொல்கின்றன. ஒன்று கொம்தார் பக்கம், ஒன்று கர்னி பிளாசா, இன்னொன்று குயின்ஸ்பே. முன்பதிவு முடிந்துவிட்டது, நேரில் வந்தால் கிடைக்கும் என்கிறார்கள். காலையில் எத்தனை மணிக்குப் போய் நின்றால் கிடைக்கும்? கேஎல் (கோலாலம்பூர்) லோ யாட் மின்பொருள் பேரங்காடியில்தான் நிறைய இறங்கும் என்றால் அங்கேயே வந்துவிடுவது நல்லதா? "பண்டில் மட்டும்தான், தனியாகத் தரமாட்டோம்" என்று வேறு பொருளையும் சேர்த்துத்தான் தந்தால் வாங்கலாமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

#2 கடைக்கணக்கு

தம்பி, எத்தனை மணி என்பது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அன்றைக்கு அந்தக் கடையில் நேரில் வருகிறவர்களுக்கு எத்தனை பெட்டி என்பதுதான்.

கடைக்கு வரும் பெட்டி வேறு, வரிசைக்கு மிஞ்சும் பெட்டி வேறு. கணக்குக்காக, விநியோகஸ்தர் ஒரு கடைக்கு 40 பெட்டி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் கட்டியவர்களுக்கு 28 போய்விடும். அந்தக் கடையின் ஷோப்பி, லாசாடா இணைய விற்பனைப் பக்கத்துக்கு 6. பழைய வாடிக்கையாளர்களுக்கென்று 2. வரிசைக்கு மிஞ்சுவது 4. வெளியே 30 பேர் நிற்பார்கள். விடியற்காலை நாலு மணிக்கு வந்து ஐந்தாவதாக நிற்பவருக்கும், ஒன்பது மணிக்கு வந்து முப்பதாவதாக நிற்பவருக்கும் கையில் ஒன்றும் இருக்காது. தூக்கம் கெட்டது மட்டும்தான் வித்தியாசம்.

அதனால் முந்தின நாள் மாலையில் கடைக்கே நேரில் போங்கள். போனில் கேட்டால் "வாங்க, இருக்கும்" என்று எடுத்தவர் சொல்லிவிடுவார், அவருக்கு எண்ணிக்கை தெரிந்திருக்காது. கடை மேலாளரிடம் கேளுங்கள்: வரிசைக்கு மட்டும் எத்தனை பெட்டி, தனிப் பெட்டியா பண்டிலா, பண்டில் என்றால் உள்ளே என்னென்ன, மொத்த விலை என்ன, ஓர் ஆளுக்கு ஒன்றுதானா, ஐசி (அடையாள அட்டை) பார்ப்பார்களா, வரிசை எண் சீட்டு தருவார்களா, எத்தனை மணிக்குத் தருவார்கள், எந்த வாசலில் தருவார்கள். எண்ணிக்கையைச் சொல்ல மறுத்தால் "பத்துக்கு மேலா, கீழா" என்று மட்டும் கேளுங்கள். அதையும் சொல்லாத கடையில் இரவெல்லாம் நிற்க வேண்டாம். அந்த லோட் இன்னும் வந்து சேரவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

இன்னொன்று. "நாளைக்கு வருது" என்பதற்கு ரெண்டு பொருள் உண்டு. விநியோகஸ்தரின் கிடங்கிலிருந்து கிளம்புவது ஒன்று, கடைக்குள் இறங்கி எண் பதிவாகி விற்பனைக்குத் தயாராவது இன்னொன்று. ஷா ஆலாம் பக்கத்துக் கிடங்கிலிருந்து கேஎல் கடைக்கு அதே நாளில் வந்துவிடும். பினாங்குக்கு ஒரு நாள் தள்ளித்தான் கணக்கு வைக்க வேண்டும். "இப்போதே கடைக்குள் இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள்.

#3 செந்தூல்வாசி

கடைக்கணக்கு அண்ணன் சொன்னதில் வாசல் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அதிகச் சண்டை அங்கேதான் வருகிறது.

பேரங்காடி காலை பத்து மணிக்குத் திறக்கும் என்று பலகையில் இருக்கும். ஆனால் எல்லா வாசலும் பத்து மணிக்குத் திறக்காது. உள்ளே இருக்கும் காலை உணவுக் கடைகளுக்காகவும் வேலையாட்களுக்காகவும் கார் பார்க் லிப்டும் பக்கவாட்டுக் கதவும் முன்கூட்டியே திறந்திருக்கும். கேஎல் மிட்வேலி பேரங்காடியை எடுத்துக்கொள்ளுங்கள். கேடிஎம் ரயில் நிலைய நடைபாலம் வழியாக ஒரு கூட்டம், கார் பார்க் லிப்ட் வழியாக ஒரு கூட்டம், பக்கத்துக் கார்டன்ஸ் பேரங்காடியிலிருந்து ஒரு கூட்டம் வரும். மூன்று இடத்திலும் "நாங்கதான் முதல்" என்று மூன்று வரிசை நிற்கும். கதவு திறந்ததும் கடையின் ஷட்டருக்கு முன்னால் புதிதாக ஒரு வரிசை உருவாகும். அதில் முதலில் நிற்பவர் வேகமாக நடந்தவர், இரவெல்லாம் நின்றவர் கிடையாது.

லோ யாட்டில் சிக்கல் வேறு மாதிரி. இரவில் கட்டடத்துக்குள் நிற்க ஜாகா (காவலாளி) விடமாட்டார். வெளியே அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில்தான் நிற்க வேண்டும். அந்த அஞ்சடியும் அடுத்த கடைக்காரர் ஏழு எட்டு மணிக்கு ஷட்டர் தூக்கும்போது காலி பண்ண வேண்டியிருக்கும். வரிசை மூலையைச் சுற்றி வளையும், அந்த வளைவில்தான் ஆட்கள் நடுவில் புகுவார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். முந்தின நாள் மேலாளரிடம் எந்த வாசல் என்று கேட்டபிறகு, அந்த வாசலின் ஜாகாவிடமும் போய்க் கேளுங்கள். இருவர் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலாளரிடமே திரும்பி வந்து "ஜாகா இப்படிச் சொல்கிறார்" என்று சொல்லுங்கள், அவர் பேசித் தீர்க்கட்டும். பேரங்காடி நிர்வாகத்துக்குக் கடை முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தால் கயிறு கட்டி ஒரே வாசலில் நிறுத்துவார்கள். கொடுக்காவிட்டால் எட்டு மணிக்கு ஜாகா வந்து எல்லாரையும் கலைத்துவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு உத்தரவே இல்லை.

#4 புக்கிட்மெர்தாஜம்_தம்பி

ஒரு கேள்வி அண்ணே. நிற்கிறவங்களே ஒரு தாளில் பேர் எழுதி நம்பர் போட்டுக்கிட்டா பிரச்சனை தீராதா? வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து அதில் வரிசை வைத்துக்கொள்ளலாம் என்றும் சிலர் சொல்றாங்க.

#5 செந்தூல்வாசி

தீரும், கடை அந்தத் தாளை ஒப்புக்கொண்டால். பெயர் எழுதி, ஐசி கடைசி நாலு எண் எழுதி, மணி எழுதி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பெயர் கூப்பிட வேண்டும். ரெண்டு முறை கூப்பிட்டும் ஆள் இல்லை என்றால் பெயரை அடிக்க வேண்டும். இந்த விதியைத் தாளின் தலைப்பிலேயே எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் வருபவரும் படித்துவிட்டுத்தான் பெயர் எழுத வேண்டும்.

#6 கடைக்கணக்கு

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தாளுக்குக் கடை பொறுப்பாகாது. காலையில் வேலைக்கு வரும் ஊழியருக்கு வாசலில் நிற்கும் ஆள்தான் தெரியும். தாளில் மூன்றாவது இருப்பவர் மாமாக் உணவுக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருக்க, எட்டாவது ஆள் நின்றுகொண்டே இருந்தால் அந்த எட்டாவது ஆள் சும்மா இருப்பாரா? வாட்ஸ்அப் வரிசை அதைவிட மோசம். வீட்டிலிருந்தே பெயர் போட்டுவிட்டு ஒன்பதரைக்கு வந்து இறங்குவார்கள். மறுவிற்பனைக்கு ஆட்களைக் கூட்டி வருபவர் அந்தக் குழுவில் பத்துப் பேரைச் சேர்த்துவிடுவார்.

கடையின் முத்திரையோடு, எண்ணோடு, "இந்த மணிக்குள் வராவிட்டால் செல்லாது" என்று எழுதிய சீட்டு மட்டும்தான் வரிசை. அதுவும் வரிசைக்கு இருக்கும் பெட்டி எண்ணிக்கைக்கு மட்டும் கொடுக்க வேண்டும். 12 பெட்டி என்றால் 12 சீட்டு. பதின்மூன்றாவது ஆளிடம் அப்போதே "வீட்டுக்குப் போங்க" என்று சொல்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. சீட்டில் பெயரும் ஐசி கடைசி நாலு எண்ணும் எழுதினால் வாசலிலேயே விற்க முடியாது.

#7 செந்தூல்வாசி

சீட்டு கொடுக்கும் கடையில் நீங்கள் சொல்வது சரி. கொடுக்காத கடைதான் அதிகம், அங்கே தாள் இல்லாவிட்டால் கைகலப்பு. ஒன்று செய்யலாம்: தாளை மேலாளரிடம் முந்தின இரவே காட்டி "காலையில் இதைப் பார்ப்பீர்களா?" என்று எல்லார் முன்னிலும் கேளுங்கள். முடியாது என்றால் தாளைக் கிழித்துவிட்டு உடம்பால் நில்லுங்கள்.

#8 மின்தச்சர்

பண்டில் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதற்கு முன்னால் எந்த செட் என்று பாருங்கள்.

மலேசியா செட், ஏபி செட் என்று ரெண்டு உண்டு. ஏபி செட் என்றால் வேறு நாட்டுக்காகத் தயாரித்து இங்கே இறக்கியது. உத்தரவாதம் கடைக்காரர் கொடுப்பது, அதிகாரபூர்வ விநியோகஸ்தர் ஏற்கமாட்டார். இது ஏன் இவ்வளவு புழங்குகிறது என்றால், வெளிநாட்டு வெளியீட்டுக்கும் நம் வெளியீட்டுக்கும் நடுவே பெரும்பாலும் இடைவெளி விழுகிறது. சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 2020 நவம்பர் 12-ல் வந்தது, மலேசியாவுக்கு டிசம்பர் 11. ஸ்விட்ச் 2 ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பாவில் 2025 ஜூன் 5-ல் வந்தபோது நம் அதிகாரபூர்வ விற்பனை இன்னும் தொடங்கவில்லை. அந்த இடைவெளியில் நிரப்புவது ஏபி செட்தான்.

ஸ்விட்ச் 2-க்கு ஏபி செட் வாங்குவதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ஜப்பானில் ரெண்டு வகை விற்கிறார்கள். வெளியீட்டின்போது 49,980 யென் விலையிட்டது ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது. 69,980 யென் விலையிட்டது பன்மொழி. முதல் வகையில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே வரும், ஜப்பான் வட்டாரம் என்று அமைத்த நிண்டெண்டோ கணக்கு மட்டுமே அதில் சேரும். மென்பொருள் புதுப்பித்து மாற்ற முடியாது. "ஜப்பான் செட், மலிவு" என்று யாராவது நீட்டினால் பெட்டியைத் திருப்பி எந்த வகை என்று படித்துப் பார்க்காமல் பணம் எடுக்காதீர்கள்.

பிஎஸ்5-இல் மாடல் எண்ணைப் பாருங்கள். நடுவில் வரும் ரெண்டு இலக்கம் விற்பனை வட்டாரம்: ஜப்பானுக்கு 00, வட அமெரிக்காவுக்கு 15, நம் ஆசிய வட்டாரத்துக்கு 18. உதாரணம் சிஎஃப்ஐ-2018ஏ01. கேம் டிஸ்க்குக்கு வட்டாரப் பூட்டு இல்லை, ஆனால் கூடுதல் உள்ளடக்கம் டிஸ்க்கின் வட்டாரமும் கணக்கின் வட்டாரமும் ஒன்றாக இருந்தால்தான் வேலை செய்யும். மின்சாரம் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். எட்டு வடிவ முனை கொண்ட சாதாரண மூன்று பின் கம்பி போதும், சிரிம் தரச் சான்று முத்திரை உள்ளதாக வாங்குங்கள். பல ஓட்டை உள்ள மலிவு அடாப்டர் வேண்டாம், பின் தளர்ந்து சூடாகும்.

பண்டிலுக்கு வருவோம். கடைக்காரர் சேர்த்துக் கட்டும் பொருளில் எது உங்களுக்கு உதவும் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்விட்ச் 2-க்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் அட்டைதான் வேண்டும். சாதாரண மைக்ரோஎஸ்டி போட்டால் பழைய ஸ்விட்சில் பிடித்த திரைக்காட்சிப் படங்களையும் காணொளிகளையும் மட்டும் எடுக்கலாம், கேம் ஓடாது. உள்ளே 256 ஜிபி இருக்கிறது, முதல் சில மாதங்களுக்கு அட்டை இல்லாமலே ஓட்டலாம். அதனால் பண்டிலில் "128 ஜிபி மெமரி கார்டு" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த வகை என்று கேளுங்கள். கடையில் மிஞ்சிய பழைய அட்டையைத் தள்ளிவிடுவது நடக்கிறது. எச்டிஎம்ஐ கம்பி பெட்டியிலேயே வருகிறது, தனியாக வேண்டாம். பழைய ஸ்விட்சின் மின் அடாப்டரால் டிவியோடு இணைக்கும் புது டாக்கை இயக்க முடியாது, கருவியை மட்டும் சார்ஜ் செய்யும். பழைய ஜாய்-கான் (பக்கவாட்டுக் கன்ட்ரோலர்) கம்பியில்லாமல் சேரும், பக்கவாட்டில் மாட்ட முடியாது. பழைய ப்ரோ கன்ட்ரோலரும் சேரும், ஆனால் தூங்கும் கருவியை எழுப்பாது. வீட்டில் அது இருந்தால் பண்டிலில் வரும் புதுக் கன்ட்ரோலருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. திரைக் கண்ணாடித் தாள் வேண்டுமானால் 7.9 அங்குலத்துக்கானதா என்று பாருங்கள். கருவியின் திரைமேல் ஏற்கனவே ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் கண்ணாடி உடைந்தால் சிதறாமல் இருக்கப் போட்டது. கடை ஊழியர் "நான் ஒட்டித் தருகிறேன்" என்று அதை உரிக்க விடாதீர்கள்.

கேம் சேர்ந்த பண்டில் என்றால் கேம் பெட்டியின் முகப்பில் கேம்-கீ கார்டு என்ற அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அட்டைக்குள் கேம் முழுதாக இல்லை, இணையத்தில் இறக்க வேண்டும். வீட்டில் கைப்பேசி டேட்டாவை நம்பி இருப்பவர்கள் அதைக் கணக்கில் எடுங்கள்.

தனித்தனியாக வாங்கினால் ஆகும் விலையைக் கூட்டிப் பாருங்கள். உங்களுக்கு உதவாத பொருளின் விலை மொத்தத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் அடுத்த லோடுக்குக் காத்திருக்கலாம் என்பது என் கருத்து.

#9 பிரிக்பீல்ட்ஸ்_அம்மா

நன்றி, நிறையத் தெரிந்துகொண்டேன். பிள்ளைக்கு வாங்க வேண்டும், வரிசையில் நிற்க முடியாது. முகநூலில் ஒருவர் டெபாசிட் 300 வெள்ளி (ரிங்கிட்) அனுப்பினால் வெள்ளிக்கிழமை கொடுப்பேன் என்கிறார். ஷோப்பியிலும் பார்க்கிறேன், கூடையில் போட்டு வைத்தால் பிடித்து வைத்த மாதிரியா?

#10 கடைக்கணக்கு

அக்கா, முதலில் கூடை. கூடையில் போடுவதால் எதுவும் உங்களுக்கென்று ஒதுங்காது. பணம் செலுத்தி முடிக்கும்போதுதான் பெட்டி உங்களுடையது. விற்பனை தொடங்கும் நேரத்துக்கு முன்பே முகவரி, தொலைபேசி எண், பணம் செலுத்தும் வழி எல்லாம் சேமித்து வையுங்கள். கூப்பனைத் தேடி அலைவதை அன்றைக்கு விட்டுவிடுங்கள், அந்த அரை நிமிடத்தில் முடிந்துபோகும். கடையின் பெயருக்குப் பக்கத்தில் ஷோப்பி மால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பொருள் வந்ததும் "பெற்றுக்கொண்டேன்" பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பொட்டலத்தின் முகவரித் தாளிலிருந்து தொடங்கி, வெட்டாமல் ஒரே ஓட்டமாகக் காணொளி எடுத்துக்கொண்டே பிரியுங்கள். பெட்டிக்குள் வேறு பொருள் இருந்தால் முறையிட அந்தக் காணொளிதான் சாட்சி.

முகநூல் ஆளுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்று தோன்றினாலும், அவர் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். புகார் இருந்தால் காட்டும். புகார் இல்லை என்பதற்காக நல்லவர் என்று பொருளில்லை, நேற்றுத் திறந்த கணக்காக இருக்கலாம். கணக்கு ஒரு பெயரில், பேசுபவர் இன்னொரு பெயரில் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஏற்கனவே அனுப்பிவிட்டவர்கள் உடனே 997-க்கு அழைக்க வேண்டும், தேசிய மோசடித் தடுப்பு மையம் அது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க வழி இருக்கும், "நாளைக்குப் பார்ப்போம்" என்றால் தாமதம்.

#11 மின்தச்சர்

அக்காவுக்கு இன்னொரு எச்சரிக்கை. "ஒரு வாரம்தான் பயன்படுத்தினேன்" என்று மலிவாக வரும் ஸ்விட்ச் 2. திருட்டு கேம் ஓட்டும் அட்டையைப் போட்டுப் பார்த்த கருவிகளை நிண்டெண்டோ இணையச் சேவையிலிருந்து தடை செய்கிறது. கருவி ஆன் ஆகும், அட்டையில் உள்ள கேம் ஓடும், நிண்டெண்டோவின் இணையக் கடையான ஈஷாப் உள்ளிட்ட இணையச் சேவை எதுவும் வேலை செய்யாது. விற்பவர் முன்னாலேயே உங்கள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஈஷாப்பைத் திறந்து பாருங்கள். 2124-4508 என்ற பிழை எண் வந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தடை கருவியோடு ஒட்டியது, உங்கள் கணக்கைப் போட்டாலும் போகாது.

#12 செந்தூல்வாசி

பணம் செலுத்தும் விஷயத்தில் வரிசையின் முன்னால் வந்தபிறகு தோற்றவர்கள் நிறைய. மூன்று காரணம்தான்.

டெபிட் கார்டின் தினசரி வாங்கும் வரம்பு குறைவாக வைத்திருப்போம், ரெண்டாயிரம் வெள்ளிக்கு மேல் இழுக்கும்போது மறுக்கும். வங்கிச் செயலியில் முந்தின நாளே உயர்த்துங்கள், வாங்கியபின் திரும்பக் குறைத்துவிடுங்கள். டியூட்நவ் (வங்கிகளுக்கிடையே உடனடிப் பணப் பரிமாற்றம்) வரம்பும் அப்படியே, அது தனி வரம்பு. இ-வாலட் என்றால் வாலட்டில் வைத்திருக்கக்கூடிய உச்சத் தொகையைப் பாருங்கள்.

ரெண்டாவது, புதுக் கைப்பேசிக்கு மாறியவர்கள். ஒப்புதல் கொடுக்கும் வசதியைப் புதுக் கைப்பேசியில் பதிந்தால் உடனே வேலை செய்யாது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா உத்தரவுப்படி காத்திருப்பு நேரம் உண்டு, பல வங்கிகளில் 12 மணி நேரம். வரிசையில் நின்றுகொண்டே பதிந்தால் மாலையில்தான் பணம் போகும். கைப்பேசி மாற்றுவதென்றால் வாங்கியபிறகு மாற்றுங்கள்.

மூன்றாவது கடையின் கார்டு இயந்திரம். லோ யாட் கீழ்த்தளத்தில் சிக்னல் மோசம், கூட்ட நாளில் இயந்திரம் திணறும். முழுத் தொகையும் ரொக்கமாகக் கொண்டு வாருங்கள் என்று சொல்லமாட்டேன், விடியற்காலை புக்கிட் பிந்தாங் அஞ்சடியில் ரெண்டாயிரம் மூவாயிரம் வெள்ளியோடு நிற்பது நல்லதல்ல. ரெண்டு வெவ்வேறு வங்கியின் கார்டு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு பவர்பேங்க் கட்டாயம்.

#13 ஜெலுத்தோங்77

மிகவும் நன்றி. அப்போ கேஎல்லுக்கு வருவது?

#14 கடைக்கணக்கு

வேண்டாம் தம்பி, சீட்டு உறுதியாகாமல் வராதீர்கள். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிகாலை வரிசைக்கு என்றால் முந்தின நாளே கிளம்ப வேண்டும். கேஎல்லில் மோனோரயிலும் எம்ஆர்டியும் காலை ஆறு மணி வாக்கில்தான் தொடங்கும், அதற்கு முன் வாசலில் நிற்பவர்கள் பக்கத்தில் தங்கியவர்களோ காரில் வந்தவர்களோதான். ரயில் காசு, ஒரு இரவு அறை, சாப்பாடு எல்லாம் கூட்டினால் மறுவிற்பனைக்காரர் கேட்கும் கூடுதல் தொகைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

லோ யாட்டில் கடைகள் அதிகம் என்பதால் பெட்டியும் அதிகம் இறங்கும், உண்மை. ஆனால் ஏபி செட்டும் அங்கேதான் அதிகம், நாள்தோறும் விலை மாறும், மறுவிற்பனைக் கூட்டமும் அங்கேதான். பினாங்கில் பெட்டி குறைவு, ஆட்களும் குறைவு. கர்னியிலும் குயின்ஸ்பேயிலும் இருக்கும் சங்கிலிக் கடைகளுக்கு மலேசியா செட் வரும். அவர்களிடம் சீட்டுப் பழக்கமும் இருக்கும்.

என் கணக்கு இப்படி: வரிசைக்கு எத்தனை பெட்டி என்று தெரிந்தபின், உங்களுக்கு முன்னால் நிற்பவர்களை எண்ணுங்கள். இடம் பிடிக்க வைத்த நாற்காலிக்கும் பைக்கும் பிறகு ஆள் வரும், ஒருவர் பின்னால் ரெண்டு நண்பர் சேருவார். அதனால் 12 பெட்டிக்கு நீங்கள் எட்டுக்குள் இருந்தால் நில்லுங்கள். ஒன்பதோ அதற்கு மேலோ என்றால் அடுத்த கடைக்கு நடங்கள். சீட்டு கொடுக்கும் கடையில் இந்தக் கழிவு தேவையில்லை, அங்கே 12 என்றால் 12.

#15 புக்கிட்மெர்தாஜம்_தம்பி

நண்பர் இடம் பிடிச்சு வச்சா தப்பா?

#16 செந்தூல்வாசி

ஒருவருக்காக ஒருவர் நின்று, அவர் வந்ததும் இவர் போய்விட்டால் தவறில்லை, பெட்டி ஒன்றுதானே போகிறது. ஒருவர் நின்று நாலு பேரை உள்ளே விடுவதுதான் தவறு. கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் முன்னாலும் பின்னாலும் நிற்கும் ரெண்டு பேரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள், ஒருவரிடம் மட்டும் போதாது. பேரங்காடிக் கழிப்பறை இரவில் பூட்டியிருக்கும். பக்கத்தில் 24 மணி நேர மாமாக் கடை எங்கே என்று முதலிலேயே பார்த்து வையுங்கள், அங்கே ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் கேஎல்லில் பிற்பகலில் இடிமழை வரும், மாலை வரிசையில் நிற்பவர்கள் குடையைவிட மழைச்சட்டை கொண்டு வாருங்கள். குடை விரித்தால் வரிசை அகலமாகி இடைவெளி விழும்.

#17 மின்தச்சர்

பெட்டி கைக்கு வந்ததும் கல்லாவை விட்டு நகராதீர்கள். முத்திரை வெட்டுப்படாமல் இருக்கிறதா, ரசீதில் கருவியின் வரிசை எண் எழுதியிருக்கிறதா, மலேசியா செட் என்றால் விநியோகஸ்தர் உத்தரவாத ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதில் "கன்சோல் ஒன்று" என்று மட்டும் எழுதித் தந்தால் மாடலையும் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

ரசீதைப் பெட்டிமேல் ஸ்டேபிள் அடிக்க விடாதீர்கள். ஸ்விட்ச் 2 பெட்டியில் திரை மேலட்டைக்கு நேர் கீழே இருக்கிறது. அமெரிக்காவில் வெளியீட்டு நாளில் ஒரு கடையில் இப்படி ஸ்டேபிள் அடித்துப் பல கருவிகளின் திரை ஓட்டையானது. ரசீது கையில் இருக்கட்டும்.

வாய்ப்பு இருந்தால் கடையிலேயே ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். திரையில் செத்த புள்ளி, ரெண்டு ஜாய்-கானும் மாட்டிக் கழற்ற வருகிறதா, விசிறிச் சத்தம், இவ்வளவு போதும். முழு அமைப்பையும் அங்கே முடிக்க வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன். பிஎஸ்5 வாங்குபவர்கள் முதல் தலைமுறை டிஸ்க் மாடல் கருவி மட்டுமே நாலரைக் கிலோ என்பதை நினைவில் வையுங்கள். மோட்டார் சைக்கிளில் முன்னால் வைத்துக் கொண்டு போகும் பெட்டி இல்லை அது.

#18 பிரிக்பீல்ட்ஸ்_அம்மா

டெபாசிட் வாங்கிய கடை, தேதி தாண்டியும் கொடுக்காமல் "விலை ஏறிவிட்டது, கூடுதலாகக் கட்டுங்கள்" என்றால் என்ன செய்வது?

#19 கடைக்கணக்கு

அக்கா, டெபாசிட் ரசீதில் மூன்று விவரம் இருக்க வேண்டும்: எந்த மாடல், மொத்த விலை எவ்வளவு, எந்தத் தேதிக்குள். மூன்றும் எழுத்தில் இருந்தால் கூடுதல் கேட்க அவர்களுக்கு இடமில்லை. கொடுக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். மறுத்தால் உள்நாட்டு வாணிப அமைச்சின்கீழ் இருக்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்தது. கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டிய சான்று, மூன்றையும் அச்செடுத்துக் கொண்டு போங்கள். ஆனால் இது வணிகம் நடத்துபவர்மீதுதான் செல்லும். முகநூலில் பழைய பொருள் விற்கும் தனியாள்மீது இந்த வழி கிடையாது. டெபாசிட்டைப் பதிவு பெற்ற கடையில் மட்டும் கட்டுங்கள் என்று சொல்வது அதற்காகத்தான்.

ஐசி நகல் கேட்டால், நகலின் குறுக்கே ரெண்டு கோடு போட்டு "கன்சோல் வாங்குவதற்கு மட்டும்" என்று கடைப் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

#20 செந்தூல்வாசி

ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் கடைகள் குலுக்கலுக்கு மாற வேண்டும். ஜப்பானில் நிண்டெண்டோவின் சொந்த இணையக் கடை ஸ்விட்ச் 2-க்குக் குலுக்கல் வைத்தது. பழைய ஸ்விட்சில் குறைந்தது 50 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும், இணைய உறுப்பியம் மொத்தம் ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று நிபந்தனை. மறுவிற்பனைக்காக நேற்றுக் கணக்குத் திறந்தவர் அதில் நுழைய முடியாது. அப்படியும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள் என்று நிறுவனத் தலைவரே 2025 ஏப்ரலில் சொன்னார், நிறையப் பேருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதவர் அஞ்சடியில் இரவு தங்காமல் வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டார். வயதானவர், கைக்குழந்தைக்காரர், இரவுப் பணிக்காரர் எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு. இங்கே ஒரு கடை அதைச் செய்யப் பெரிய செலவில்லை: உறுப்பினர் அட்டை, பழைய ரசீது, ஒரு படிவம் போதும். மேலாளரைப் பார்க்கும்போது இதையும் சொல்லி வையுங்கள். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார்கள்.

#21 மின்தச்சர்

பழைய ஸ்விட்சை அதே கல்லாவில் கொடுத்து விலையில் கழிக்க நினைப்பவர்களுக்கு. புதுக் கருவியை முதன்முறை அமைக்கும்போதே "தரவு மாற்றம்" என்ற கட்டம் வரும், அங்கேதான் பழைய கருவியிலிருந்து இழுக்க வேண்டும். அதனால்தான் கடையில் முழு அமைப்பை முடிக்காதீர்கள் என்றேன். ரெண்டும் கையில் இருந்தால் பக்கத்தில் வைத்து நேராக மாற்றலாம். பழையதை முதலில் கொடுத்தாக வேண்டும் என்றால் முந்தின இரவே வீட்டு வைஃபையில் சர்வருக்கு ஏற்றுங்கள். ஏற்றி முடிந்ததும் பழைய கருவி தானாகவே முழுதும் அழிந்துவிடும், அதற்குப் பிறகு அதில் விளையாட முடியாது என்று தெரிந்தே செய்யுங்கள். மெமரி அட்டையைக் கழற்றிக்கொள்ளுங்கள், அதில் உள்ள படங்களைப் புதுக் கருவியில் எடுக்கலாம். வரிசையில் நின்றுகொண்டு கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இதை ஆரம்பிக்க வேண்டாம். பாதியில் அறுந்தால் உங்கள் முறை வரும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும், கடைக்காரர் வாங்கமாட்டார்.

#22 ஜெலுத்தோங்77

கர்னி கடைக்கு இன்று மாலை போய்க் கேட்டேன். வரிசைக்கு 8 பெட்டி, மலேசியா செட், தனிப் பெட்டி. காலை 9 மணிக்கு முன்வாசலில் முத்திரைச் சீட்டு, ஓர் ஐசிக்கு ஒன்று, சீட்டு 11 மணி வரை செல்லும். ஜாகாவும் அதே வாசல்தான் சொன்னார். பினாங்குக்காரர்கள் யாராவது வருவதாக இருந்தால் இங்கே எழுதுங்கள். எட்டுப் பேர் சேர்ந்ததும் மற்றவர்கள் குயின்ஸ்பே கடையில் எத்தனை என்று கேட்டுவிட்டு அங்கே போகலாம்.